குளோவரை மூடுபயிராக வளர்த்தவர்களின் வழிகாட்டல் தேவை

அனைவருக்கும் வணக்கம். உதகைக்கு அருகே சரிவான நிலத்தில் உருளைக்கிழங்கும் கேரட்டும் பயிரிடுகிறோம். அறுவடைக்குப் பின் வெறுமையாகக் கிடக்கும் மேல்மண்ணைப் பருவமழை அடித்துச் செல்வதைத் தடுப்பதற்காக, சில பாத்திகளில் வெள்ளைக் குளோவரை (பயறு வகைக் குடும்பத்தைச் சேர்ந்த, தரையில் படரும் தீவனச் செடி) மூடுபயிராக விதைத்திருக்கிறோம். பயிர் தரையை ஓரளவு மூடிவிட்டபோதிலும் இலைகள் வெளிறியே இருக்கின்றன. செடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேர் முடிச்சுகள் மிகக் குறைவாகவே தென்படுகின்றன, அவற்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு நிறம் இல்லை. காற்றிலுள்ள தழைச்சத்தை அவை நிலைப்படுத்தவில்லை என்பதற்கு அதுவே அடையாளம்.

இந்த மலை மண் அமிலத்தன்மை மிகுந்தது என்பதால் சுண்ணாம்பு இட்டிருக்கிறோம். உளுந்துக்கும் நிலக்கடலைக்கும் விற்கப்படும் ரைசோபியம் (வேர் முடிச்சுகளை உண்டாக்கித் தழைச்சத்தை நிலைப்படுத்தும் பாக்டீரியா) குளோவருக்குப் பொருந்தாது. அதற்கென்றே உள்ள தனி வகை வேண்டும். அது எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் அன்புகூர்ந்து தெரிவியுங்கள். கிடைக்காவிட்டால், குளோவர் தானாகவே செழித்து நிற்கும் பழைய மேய்ச்சல் நிலத்து மண்ணைக் கொண்டுவந்து கலந்து பயன் கண்டவர்கள் உண்டா?

எங்களுக்குப் பெரிதும் கவலை தருவது, மண்ணில் இருந்து வேர்களைத் தாக்கும் நுண்ணிய நூற்புழு. உருளைக்கிழங்கைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு குளோவரில் பெருகாது. ஆனால் வேரில் வீக்கங்களை உண்டாக்கிக் கேரட்டைக் கெடுக்கும் வேர்முடிச்சு நூற்புழு குளோவரிலும் வளரக்கூடியது. ஆகவே, கேரட் விதைக்கும் முன் குளோவரை எத்தனை வாரங்களுக்கு முன்பாக மடக்கி உழுவது பாதுகாப்பானது என்பதை, இதே மலைப்பகுதியில் செய்து பார்த்தவர்கள் விளக்கினால் மிகுந்த உதவியாக இருக்கும்.