பேப்பரில் ஒரு பெயர், வாசலில் ஒரு பெயர்: லாப்ரடாருக்கு 'மணி' என்று பதியக் கூடாதா?

ரெட்டியார்பாளையம்_வாசல்
போன மாதம் ஒரு லாப்ரடார் ஆண் குட்டி வாங்கினோம், கேசிஐ (இந்திய கென்னல் கிளப்) பதிவுப் பேப்பரோடு. பேப்பரில் முதலில் கென்னல், அதாவது குட்டி பிறந்த நாய்ப் பண்ணையின் பெயர், அதற்குப் பின்னால் 'மிட்நைட் தண்டர்'. குட்டியோ பிஸ்கட் நிறம். இடி இடித்தால் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். அம்மா வந்த அன்றே 'மணி' என்று கூப்பிட்டார், அதுவும் வாலாட்டிக்கொண்டு வந்துவிட்டது. பேப்பரிலும் மணி என்றே மாற்றித் தர முடியுமா என்று விற்றவரிடம் கேட்டேன். "நல்ல லைன் நாய்க்கு மணின்னா பேர் வைப்பீங்க?" என்று சிரித்தார். ஏன், வைத்தால் என்ன? இந்த இரட்டைப் பெயர் யாருக்காக?

மஞ்சக்குப்பம்_கென்னல்
அவர் சிரித்தது சரியில்லை. மாற்றித் தராததற்குக் காரணம் இருக்கிறது. ஓர் ஈற்றுக் குட்டிகளை மொத்தமாகப் பதிவது பிரீடர், அதாவது இணை சேர்த்துக் குட்டி எடுப்பவர். தாய், தகப்பன், பிறந்த தேதி, நிறம், தோலுக்கடியில் வைக்கும் சிப்பின் எண் இவற்றோடு பெயரும் அப்போதே போய்விடும். நீங்கள் வாங்கும்போது நடப்பது உரிமை மாற்றம் மட்டும்.

பெயரில் முதல் பாதி கென்னல். கூடப் பிறந்த குட்டிகளிலிருந்து இதைப் பிரித்துக் காட்டத்தான் பின்பாதி. அதைத் தெருவில் நின்று கூவச் சொல்லி யாரும் கேட்கவில்லை. 1933-இல் இங்கிலாந்து அரச குடும்பத்துக்கு வந்த முதல் கார்கியின் பதிவுப் பெயர் ரோசாவெல் கோல்டன் ஈகிள். ரோசாவெல் என்பது கென்னல். வீட்டில் அது வெறும் டூக்கி. 2008-இல் அமெரிக்காவின் வெஸ்ட்மின்ஸ்டர் நாய் ஷோவில் முதல்முறையாக ஒரு பீகிள் ஒட்டுமொத்தப் பரிசை ஜெயித்தது. பேப்பரில் 'கே-ரன்ஸ் பார்க் மீ இன் ஃபர்ஸ்ட்', கூப்பிடுவது யூனோ. உலகம் முழுக்க இப்படித்தான்.

முத்தியால்பேட்டை_மூக்கன்
பார்க் மீ இன் ஃபர்ஸ்ட்! இதையா அண்ணே வம்சப் பெயர் என்கிறீர்கள்?

வாசல் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. சிப் இருக்கிறது, அதில் 15 இலக்க எண் இருக்கிறது. எந்த இரண்டு நாய்க்கும் ஒரே எண் வராது. அடையாளத்துக்கு அது போதாதா? நீளப் பெயர் விலையை ஏற்றத்தான். வாட்ஸ்அப் விளம்பரங்களைப் பாருங்கள். கிங், ராயல், இம்பீரியல் என்று இல்லாத ஒரு குட்டி உண்டா? வாங்குகிறவர் பெயரைப் பார்த்தே பாதி மயங்கிவிடுகிறார்.

மஞ்சக்குப்பம்_கென்னல்
தம்பி, விளம்பரத்தையும் பதிவையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள். அமெரிக்கன் கென்னல் கிளப்பில் பெயருக்குள் 'சாம்பியன்' என்ற சொல்லே வரக் கூடாது. அந்தப் பட்டத்தை நாய் ஷோவில் ஜெயித்து வாங்க வேண்டும், வாங்கினால் பெயருக்கு முன்னால் போடுவார்கள். நீளத்துக்கும் அங்கே வரம்பு உண்டு, இடைவெளி சேர்த்து 36 எழுத்து. 50 வரை போக வேண்டுமானால் தனியாகப் பணம் கட்ட வேண்டும்.

எண்ணால் ஏன் ஆகாது என்றால், பெடிகிரி தாளை, அதாவது வம்சாவளித் தாளை எடுத்துப் பாருங்கள். மூன்று தலைமுறைக்குத் தாய் வழி, தகப்பன் வழி என்று கிளை பிரிந்திருக்கும். என்னிடம் ஒருவர் பெண் நாயை இணை சேர்க்கக் கொண்டு வருகிறார் என்று வையுங்கள். தாளைப் பார்த்ததும் இரண்டு பக்கமும் ஒரே தாத்தா நிற்பது கண்ணில் படும். வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிடுவேன். லாப்ரடாரில் இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வரும். எந்தக் கென்னல் வழியில் அது அடிக்கடி தலைகாட்டுகிறது என்பது எங்களுக்குப் பெயரை வைத்துத்தான் நினைவில் நிற்கிறது. 15 இலக்கத்தை எவன் நினைவில் வைத்திருப்பான்?

முத்தியால்பேட்டை_மூக்கன்
அதற்குக் கென்னல் பெயர் போதுமே. 'மிட்நைட் தண்டர்' எந்த மூட்டைக் காப்பாற்றுகிறது?

சொல்தா_பேரன்
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். பிரான்சில் இதற்கு ஓர் ஒழுங்கு வைத்திருக்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டுக்கும் ஓர் எழுத்து. அந்த ஆண்டு பிறந்த பெடிகிரி குட்டிக்கு அந்த எழுத்தில்தான் பெயர் தொடங்க வேண்டும். 2023 'யு', 2024 'வி', 2025-இல் மறுபடி 'ஏ'. கே, க்யூ, டபிள்யூ, எக்ஸ், ஒய், இசட் ஆகிய ஆறையும் விட்டுவிடுவதால் 20 ஆண்டுக்கு ஒரு சுற்று. பெயரைப் பார்த்தாலே நாயின் வயது தெரிந்துவிடும். மூக்கன் கேட்டதற்கு இது ஒரு பதில், பின்பாதியும் வேலை செய்யும்.

ஆனால் என் சித்தப்பா அங்கே 'யு' ஆண்டுக் குட்டி வாங்கி மண்டையை உடைத்துக்கொண்டார். 'யு'வில் எத்தனை பெயர் இருக்கிறது? பிரீடர் உல்ரிக் என்று வைத்தார். சித்தி அதைக் 'குட்டி' என்கிறார். பக்கத்து வீட்டு பிரெஞ்சுக்காரர்களும் இப்போது குட்டி, குட்டி என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

நம் ஊருக்கு இரட்டைப் பெயர் புதிதா? 1881 ஆணைக்குப் பிறகு பிரெஞ்சுச் சட்டத்துக்குள் போன புதுச்சேரிக் குடும்பங்கள் புதுக் குடும்பப் பெயர் எடுத்தன. பொன்னுத்தம்பி பிள்ளை லாப்போர்த் ஆனார். வீட்டில் பெரியவர்கள் அவரை லாப்போர்த் என்றா கூப்பிட்டிருப்பார்கள்?

மஞ்சக்குப்பம்_கென்னல்
அப்படிப் போடுங்கள். பதிவுப் பெயர் காகிதத்துக்கு, செல்லப் பெயர் வீட்டுக்கு. இதைத்தானே நானும் சொல்கிறேன்.

சொல்தா_பேரன்
முழுசாக உங்கள் பக்கம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம் சார். இந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்கு நாயைக் கொண்டுபோக முதலில் சிப், அதன் பிறகு ரேபிஸ் ஊசி, ஊசி போட்டு 30 நாளாவது கழித்து ரத்தப் பரிசோதனை, ரத்தம் எடுத்த நாளிலிருந்து இன்னும் மூன்று மாதம் காத்திருப்பு. இதில் ஒவ்வொரு தாளிலும் ஒத்துப்போக வேண்டியது சிப் எண். அங்கே உங்கள் கென்னல் பெயருக்கு வேலையே இல்லை.

விருத்தாசலம்_வேட்டைநாய்
எல்லாரும் ஒன்றை விட்டுவிட்டுப் பேசுகிறீர்கள். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டு, அதாவது ஏழாம் நூற்றாண்டு. எருமைகளைக் காக்கப் போய் மாண்ட கருந்தேவகத்தி என்ற வீரனுக்கு வைத்த கல். பக்கத்தில் அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அது கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்று எழுதி, கோவிவன் என்று அதன் பெயரையும் வெட்டியிருக்கிறார்கள். பதிவு என்றால் இதைவிடப் பெரிய பதிவு எது? அதற்கு இரண்டாவது பெயர் தேவைப்படவில்லை.

எனக்குக் கென்னல் பெயர் மீது கோபமில்லை. எங்கள் பக்கமும் குட்டி கேட்டால் 'இன்னார் வீட்டு நாயோட குட்டி' என்றுதான் சொல்வோம். கென்னல் பெயர் அதேதான். கோபம் பின்பாதி மீது. 2005-இல் தபால் தலையில் வந்த ராஜபாளையம் நாய்க்குக்கூட சர்டிபிகேட்டில் ஸ்னோ, ஐஸ் என்று பெயர் வைக்கிறார்கள். ராஜபாளையத்தில் பனி எங்கே பெய்தது?

முத்தியால்பேட்டை_மூக்கன்
இதுதான் கேள்வி. அண்ணே, பதில் சொல்லுங்கள்.

மஞ்சக்குப்பம்_கென்னல்
சொல்கிறேன். பதிவு ஆங்கில எழுத்தில் நடக்கிறது. தமிழ்ப் பெயரை ஆளுக்கொரு ஸ்பெல்லிங்கில் எழுதுவார்கள். யாழினி என்று வைத்தால் அந்த 'ழ'வுக்கு ஒரு தாளில் 'எல்', இன்னொன்றில் 'இசட் எச்' போடுவார்கள். பத்து வருடம் கழித்து வம்சம் தேடுகிறவனுக்கு அது இரண்டு நாய். இரண்டாவது, வாங்குகிறவர்கள் யாரும் தமிழ்ப் பெயர் கேட்பதே இல்லை.

முத்தியால்பேட்டை_மூக்கன்
இப்போதுதானே ஒருவர் கேட்டார்? கேட்டவரைப் பார்த்துச் சிரித்தாயிற்று. ஸ்பெல்லிங் பிரச்சினை 'ழ' இல்லாத பெயருக்கு வராதே. முத்து, வேலன், மருதன், வீரா. எந்த நாட்டான் எழுதினாலும் பெரிதாகத் தப்பு வராது. கென்னல் பெயரை முன்னால் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதில் ஒன்று. எந்த விதி தடுக்கிறது?

குருமாம்பேட்_மாணவி
கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிக்கிறேன். சண்டையில் பக்கம் சேரவில்லை, நடைமுறை மட்டும்.

வாசல் அக்கா அல்லது அண்ணா, தடுப்பூசிப் புத்தகத்தில் மணி என்று எழுதுங்கள், பக்கத்திலேயே பதிவுப் பெயரும் சிப் எண்ணும் இருக்கட்டும். நாளைக்கு நாயை ஷோவுக்குக் கொண்டுபோனாலோ வேறொருவருக்குக் கொடுத்தாலோ, ஊசி போட்ட மணியும் பேப்பரில் இருக்கும் நாயும் ஒன்றுதான் என்று யாரும் தனியாக நிரூபிக்க வேண்டியிருக்காது. கிளினிக்கில் மேசை மேல் நடுங்கிக்கொண்டிருக்கும் நாயைப் பதிவுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாது, அதனால் நாங்கள் முதலில் கேட்பதே "வீட்ல எப்படிக் கூப்பிடுவீங்க" என்றுதான்.

கூப்பிடும் பெயர் சின்னதாக இருக்கட்டும். சொல்லிக் கொடுக்கும் கட்டளை போலவும் ஒலிக்கக் கூடாது. 'ஜோ' என்று வைத்துவிட்டு 'நோ' சொன்னால் அது விழிக்கும். நம் வீடுகளில் பெரிய தொல்லை இன்னொன்று: அம்மாவுக்கு மணி, பிள்ளைகளுக்கு மணிக்குட்டி, தாத்தாவுக்கு டேய், பாட்டிக்கு தங்கம். பேப்பரில் இருப்பது நாயின் காதில் விழப் போவதில்லை, இது தினமும் விழுகிறது. பழகும் வரைக்குமாவது எல்லாரும் ஒரே பெயரில் கூப்பிடுங்கள். திட்டும்போது அந்தப் பெயரைச் சொல்லாதீர்கள், அப்புறம் கூப்பிட்டால் வராது.

ரெட்டியார்பாளையம்_வாசல்
அக்காதான். நன்றி தங்கச்சி. தாத்தாவிடம் சொல்லிப் பார்க்கிறேன், கேட்பார் என்று நம்பிக்கையில்லை. கென்னல் சார், தாத்தா பாட்டி வரிசை, மூட்டுக் கோளாறு எல்லாம் புரிந்தது. பேப்பரைப் பத்திரமாக வைக்கிறேன். ஆனால் மூக்கன் கடைசியாகக் கேட்டதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

மஞ்சக்குப்பம்_கென்னல்
எனக்குத் தெரிந்து விதி எதுவும் தடுக்கவில்லை. சந்தைதான் தடுக்கிறது என்று நினைக்கிறேன், அதை மறைக்கவில்லை. சரி, என்னிடம் ஒரு ஈற்று வருகிறது. அதில் இரண்டு குட்டிக்குத் தமிழ்ப் பெயர் வைக்கிறேன். பெயரை நீங்களே சொல்லுங்கள். மணி மட்டும் வேண்டாம். அமெரிக்காவில் ஓர் இனத்துக்குள் ஒரே பெயரை 37 நாய் வரைக்கும் விட்டு, பின்னால் ரோமன் எண் போடுகிறார்கள். கடலூரில் மணி என்று பதிய ஆரம்பித்தால் ஒரே வருடத்தில் அதைத் தாண்டிவிடும்.

விருத்தாசலம்_வேட்டைநாய்
ஒன்றுக்குக் கோவிவன்.

முத்தியால்பேட்டை_மூக்கன்
இரண்டு போதாது அண்ணே, முழு ஈற்றுக்கும் வையுங்கள். விலையையும் குறைக்காமல் விற்றுக் காட்டுங்கள். அப்போது சந்தை தடுக்கிறதா, நீங்கள் தடுக்கிறீர்களா என்று தெரியும்.

மஞ்சக்குப்பம்_கென்னல்
முழு ஈற்றா? நீங்கள் ஒன்று வாங்குவதாக இருந்தால் சொல்லுங்கள், யோசிக்கிறேன்.