கறுப்பின வரலாற்றைச் சோல், ரெகே இசையின் வழியே கொண்டாட விரும்புகிறோம்: எந்தப் பாடல்களிலிருந்து தொடங்கலாம்?

கேள்வி: கோத்தகிரி வாசகர்

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரியில் நாங்கள் சிலர் சேர்ந்து நடத்திவரும் வாசகர் வட்டத்தில், வரும் பிப்ரவரி மாதம் ஒரு மாலைப் பொழுதைக் கறுப்பின மக்களின் வரலாற்றுக்கென ஒதுக்கி, அதை அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல் இசை, ஜமைக்காவில் பிறந்த ரெகே இசை ஆகியவற்றின் வழியே சொல்ல முடிவு செய்திருக்கிறோம். அடிமைகளாக இருந்து விடுதலை பெற்ற பெற்றோருக்குப் பிறந்து, இளமையில் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்து, பின்னர் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்ற கார்ட்டர் வுட்சன் என்ற வரலாற்றாசிரியர், 1926-இல் பிப்ரவரியின் இரண்டாவது வாரத்தை இதற்கென அறிவித்தார். 1976 முதல் அமெரிக்காவில் அம்மாதம் முழுவதுமே கறுப்பின வரலாற்று மாதமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. எங்களுக்கும் அம்மாதம் வசதியானது; உறைபனியால் கொழுந்து வரத்து குறைந்திருக்கும் காலம் என்பதால் தோட்டங்களில் வேலை செய்பவர்களும் வந்து உட்கார முடியும்.

உதகையிலும் குன்னூரிலும் சுற்றுலாப் பயணிகளுக்கான கடைகளில் ரெகே பாடகர் பாப் மார்லியின் முகம் அச்சிட்ட பனியன்களும், சிவப்பு, மஞ்சள், பச்சை நிறக் கம்பளித் தொப்பிகளும் வரிசையாகத் தொங்குகின்றன. எங்கள் ஊர் இளைஞர்கள் பலருக்கு அந்த முகம் தெரியும். அவர் எந்த மண்ணில் பிறந்தார், எதற்காகப் பாடினார் என்பது தெரியாது. அதைச் சொல்ல வேண்டும் என்பதே என் ஆசை. வருபவர்களில் கல்லூரி மாணவர்கள், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், படுகர் ஊர்களில் பாட்டுக் கட்டும் பெரியவர்கள், தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர் எனப் பலரும் இருப்பார்கள். ஆங்கிலம் எல்லோருக்கும் பழக்கமில்லை. எந்தப் பாடல்களில் தொடங்கலாம், பாடலுக்கும் பேச்சுக்கும் எவ்வளவு நேரம் ஒதுக்கலாம் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: குன்னூர் இசைக்குழு

மிக நல்ல முயற்சி, ஐயா. ஆலயப் பாடகர் குழுவில் நெடுங்காலம் பாடி வருபவன் என்ற முறையில் என் கருத்தைச் சொல்கிறேன். புகழ் பெற்ற பாடகர் ஒருவரிலிருந்து தொடங்காதீர்கள், ஆலயத்திலிருந்து தொடங்குங்கள். சோல் இசையின் தாய்வீடு கறுப்பின மக்களின் ஆலய வழிபாடுதான். ஒருவர் ஒரு வரியை எடுத்துக் கொடுக்க, கூட்டம் அதை வாங்கிப் பாடும் முறை ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வந்தவர்களோடு வந்தது. பருத்தி வயல்களில் நிலைத்தது. பிறகு ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டில் வளர்ந்தது. நம் கீர்த்தனைகளையும் நடவுப் பாட்டுகளையும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த எடுத்தலும் வாங்கலும் விளக்கமின்றியே புரியும். ஆகவே முதலில் மஹாலியா ஜாக்சனின் பக்திப் பாடல் ஒன்றைப் போடுங்கள். 1963-இல் வாஷிங்டன் பேரணியில், மார்ட்டின் லூதர் கிங் பேசுவதற்கு முன் அந்தப் பெருங்கூட்டத்தின் நடுவே பாடியவர் அவர்.

அதன் பிறகு, ஆலய மெட்டை எடுத்து உலகியல் காதலைப் பாடத் துணிந்த ரே சார்ல்ஸைப் பற்றி ஓரிரு வரிகள் போதும். 1954-இல் அவர் அப்படிச் செய்தபோது ஆலயத்தார் பலர் கோபித்துக் கொண்டார்கள் என்பதை மட்டும் சொல்லிவிட்டுக் கடந்து விடுங்கள்.

நின்று பேச வேண்டிய இடம் சாம் குக். அவரும் பக்திப் பாடகராகவே தொடங்கியவர். பிறகு நாடறிந்த பாடகராகிப் பெரும் பொருள் ஈட்டினார். 1963 அக்டோபரில் லூசியானா மாநிலத்தின் ஷ்ரீவ்போர்ட் நகரில் ஒரு விடுதிக்குத் தன் மனைவியோடும் குழுவினரோடும் சென்றபோது, முன்பதிவு செய்திருந்தும் அங்கே அறை இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டார். அவர் வாதிட்டார், பிறகு அமைதியைக் குலைத்ததாகக் காவல்துறை அவரைக் கைது செய்தது. எவ்வளவு புகழ் இருந்தாலும் தோலின் நிறமே முதலில் பார்க்கப்பட்ட அந்த நாட்டில், அடுத்த சில மாதங்களில் அவர் பதிவு செய்த பாடல்தான் 'எ சேஞ்ச் இஸ் கோனா கம்'. தந்தி வாத்தியங்களும் ஊதுகொம்பும் ஒரு திரைச்சீலை போல எழும்பி விலக, அவர் குரல் தனியாக உள்ளே வருவதைக் கேளுங்கள். 1964 டிசம்பர் 11 அன்று அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்; அந்தப் பாடல் தனித்தட்டாக வெளிவந்தது அதன் பிறகுதான்.

இன்னொரு விடுதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மெம்ஃபிஸ் நகரில் பழைய திரையரங்கு ஒன்றை ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றி ஸ்டாக்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனம் இயங்கியது. சாய்தளத்தைக்கூடச் சமன் செய்யாமல் அப்படியே வைத்திருந்த அந்தக் கூடத்தில், நிறப் பிரிவினை நிலவிய ஊரிலேயே கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து வாசித்தார்கள். அவர்கள் வெளியே ஒன்றாக அமர்ந்து பேசவும் பாட்டு எழுதவும் இடமளித்த மிகச் சில இடங்களில் ஒன்று, கறுப்பினத் தம்பதியர் நடத்திய லொரெய்ன் விடுதி. சோல் பாடகர் வில்சன் பிக்கெட்டின் 'இன் த மிட்நைட் அவர்' 1965-இல் அங்கேதான் எழுதப்பட்டது. 1968 தொடக்கத்தில் மெம்ஃபிஸில் துப்புரவுத் தொழிலாளர் இருவர் குப்பை வண்டியின் இயந்திரத்தில் நசுங்கி இறந்ததைத் தொடர்ந்து சுமார் 1,300 பேர் வேலை நிறுத்தத்தில் இறங்கினார்கள்; அவர்களுக்கு ஆதரவாக வந்த மார்ட்டின் லூதர் கிங் ஏப்ரல் 4 அன்று அதே லொரெய்ன் விடுதியின் மேல்மாடத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். இசையும் வரலாறும் ஒரே கட்டடத்தில் சந்தித்த இடம் அது. இதைச் சொல்லிவிட்டு ஸ்டாக்ஸ் பாடல் ஒன்றைப் போட்டால், அதன் உற்சாகத்தின் விலை என்ன என்பது கேட்பவர்களுக்குத் தெரியும்.

பதில்: கூடலூர் தோட்டத்தான்

மேலே உள்ள பதில் மனத்தைத் தொட்டது. ரெகே பகுதிக்கு நான் எழுதுகிறேன். இலங்கையிலிருந்து வந்து இங்கே தேயிலைத் தோட்டத்தில் குடியமர்ந்த குடும்பம் எங்களுடையது. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் எங்களைப் போன்ற 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று எண்ணிக்கையாக முடிவு செய்தது. அவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை தருவதற்காகவே 1968-இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள், அதாவது இன்றைய டான்டீ, தொடங்கப்பட்டன. இந்தப் பின்னணியில் வளர்ந்தவன் ரெகேயைக் கேட்கும்போது, அது வெறும் கடற்கரைக் கேளிக்கைப் பாட்டாகத் தோன்றவில்லை.

கரீபியன் கடலில் உள்ள ஜமைக்கா ஒரு கரும்புத் தோட்டத் தீவு. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட மக்களின் உழைப்பில் அது செல்வம் கொழித்தது. 1834-இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தாலும், 1838 வரை அவர்கள் 'பயிற்சிப் பணியாளர்' என்ற பெயரில் அதே முதலாளிகளிடமே வேலை செய்ய வேண்டியிருந்தது. முழு விடுதலை கிடைத்தவுடன் பலர் தோட்டங்களை விட்டு வெளியேற, 1845 முதல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலில் கொண்டுபோய் இறக்கினார்கள். சுமார் 36,000 பேர் அப்படிச் சென்றார்கள். பெரும்பாலோர் வட இந்தியர், சென்னைத் துறைமுகத்திலிருந்து ஏறியவர்களும் உண்டு. இந்தச் செய்தியை நம் மக்களிடம் அவசியம் சொல்லுங்கள்.

பாப் மார்லிக்கு முன் மார்க்கஸ் கார்வியின் பெயரைச் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். 1887-இல் ஜமைக்காவின் செயின்ட் ஆன் பகுதியில் பிறந்த அவர், கறுப்பின மக்கள் தங்கள் வரலாற்றைத் தாங்களே அறிந்து, தங்கள் காலில் நிற்க வேண்டும் என்று இயக்கம் கண்டவர். சொந்த நாட்டிலேயே மறக்கப்பட்டுக்கொண்டிருந்த அவரைப் பாட்டின் வழியே மீட்டவர் பர்னிங் ஸ்பியர் என்ற ரெகே பாடகர். அவருடைய 1975-ஆம் ஆண்டு இசைத்தொகுப்பின் பெயரே 'மார்க்கஸ் கார்வி'தான். ஊதுகொம்புகள் துக்கம் காப்பது போல இழைய, அவர் ஒரே வரியை மீண்டும் மீண்டும் சொல்வதைக் கேட்டால், ஊர்ப் பெரியவர் ஒருவர் சாட்சி சொல்வதைக் கேட்பது போலவே இருக்கும். மார்லியும் அதே செயின்ட் ஆன் பகுதியில் பிறந்தவர். 1980-இல் வெளிவந்த 'ரிடெம்ப்ஷன் சாங்' பாடலில் மனத்தளையை நாமே அறுக்க வேண்டும் என்று அவர் பாடுவது, 1937-இல் கனடாவில் கார்வி ஆற்றிய உரையிலிருந்து எடுத்தது. முழங்கும் கொட்டு எதுவும் இல்லாமல், ஒரே ஒரு கிதாருடன் அவர் அதைப் பாடியிருக்கிறார். அதே ஆண்டு ஏப்ரலில் ஜிம்பாப்வே விடுதலை பெற்ற விழாவில் மேடையேறிப் பாடியவரும் அவர்தான். அடுத்த ஆண்டு மே மாதம், 36 வயதில் மறைந்தார்.

சோலும் ரெகேயும் உறவு கொண்டவை என்பதையும் காட்டலாம். அமெரிக்க வானொலி நிலையங்களின் ஒலிபரப்பு இரவில் ஜமைக்காவில் எட்டும். அமெரிக்க சோல் பாடகர் கர்ட்டிஸ் மேஃபீல்டின் இம்ப்ரெஷன்ஸ் குழுவைக் கேட்டே, மார்லி இருந்த வெய்லர்ஸ் குழுவின் மூவரும் சேர்ந்து பாடப் பழகினார்கள். மேஃபீல்டின் 'பீப்பிள் கெட் ரெடி' பாடலைப் போட்டுவிட்டு, உடனே மார்லியின் 1977-ஆம் ஆண்டு 'ஒன் லவ்' பாடலைப் போடுங்கள். முதல் பாடல் இரண்டாவதற்குள் இருப்பதைக் காது தானே கண்டுபிடிக்கும்.

பதில்: உதகை ஆசிரியை

கூடலூர் நண்பரின் பதிலில் ஒரு சிறு எச்சரிக்கையைச் சேர்க்க விரும்புகிறேன். தோட்டத் தொழிலாளர் வாழ்வையும் அடிமை முறையையும் அருகருகே வைப்பது உணர்வை எழுப்பும். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ஒப்பந்தக் கூலி கொடுமையானதே, கங்காணியின் கடனும் கப்பல் பயணமும் எத்தனையோ உயிர்களைத் தின்றன; எனினும் ஒப்பந்தத்துக்குக் காலவரையறை இருந்தது, பிறந்த குழந்தை முதலாளியின் சொத்தாகவில்லை. அடிமை முறையில் குழந்தையும் விற்பனைப் பொருள். இந்த வேறுபாட்டை மேடையில் தெளிவாகச் சொல்லாவிட்டால், அவர்களுடைய வரலாற்றைக் கொண்டாடுவதாகச் சொல்லிவிட்டு நம்முடையதையே பேசிக் கலைந்துவிடுவோம்.

பெண்களின் குரல் போதாது என்றும் தோன்றுகிறது. பாடகி நீனா சிமோன் சிறுமியாக இருந்தபோது நடந்த பியானோ அரங்கேற்றத்தில், முன்வரிசையில் இருந்த பெற்றோரைப் பின்னே போகச் சொன்னார்கள். அவர்களை மீண்டும் முன்னே அமர்த்தும்வரை வாசிக்க மாட்டேன் என்று அந்தக் குழந்தை மறுத்துவிட்டது. 1963 செப்டம்பரில் அமெரிக்காவின் பர்மிங்ஹாம் நகர ஆலயத்தில் குண்டு வெடித்து நான்கு சிறுமியர் இறந்த செய்தி கேட்டு அவர் எழுதிய பாடலைத் தென் மாநில வானொலி நிலையங்கள் சில ஒலிபரப்ப மறுத்தன. ஓட்டிஸ் ரெடிங் 1965-இல் ஆணின் வேண்டுகோளாகப் பாடிய 'ரெஸ்பெக்ட்' பாடலை, 1967-இல் அரீதா ஃபிராங்க்ளின் பெண்ணின் உரிமைக் கோரிக்கையாக மாற்றிவிட்டார். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டால் மாணவியர் நிமிர்ந்து உட்காருவார்கள்.

துயரத்தை மட்டுமே அடுக்கவும் வேண்டாம். பெர்ரி கோர்டி 1959-இல் குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் வாங்கி டெட்ராய்டில் தொடங்கிய இசைத்தட்டு நிறுவனம் மோடவுனாக வளர்ந்தது. அதன் பாடல்களைக் கேட்டு இரு நிறத்து இளைஞர்களும் ஆடினார்கள். அந்த மகிழ்ச்சியும் வரலாறுதான். மாலையின் நடுவில் அதற்கு இடம் கொடுங்கள்.

கோத்தகிரி வாசகர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆலயப் பாடலில் தொடங்கி, சாம் குக், மெம்ஃபிஸ், அரீதா என்று சென்று, மேஃபீல்ட் வழியாக மார்லிக்கும் கார்விக்கும் வருவது என்று முடிவு செய்துவிட்டேன். ஒவ்வொரு பாடலுக்கும் முன் அதன் பொருளைத் தமிழில் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, பாடல் ஒலிக்கும்போது யாரும் பேசக்கூடாது என்பதையும் விதியாக வைக்கிறோம். ஆசிரியை அம்மா சொன்ன வேறுபாட்டை நானே எடுத்துச் சொல்கிறேன். ஒரே ஒரு ஐயம்: எங்களிடம் திருவிழாவுக்குக் கட்டும் குழாய் ஒலிபெருக்கிதான் இருக்கிறது. அது போதுமா?

பதில்: கூடலூர் தோட்டத்தான்

போதாது, ஐயா. குழாய் ஒலிபெருக்கி அடுத்த மலைக்குக் கூடக் குரலைக் கொண்டுசேர்க்கும், அடித்தொனியைத் தராது. ரெகேயில் பாட்டை நடத்திச் செல்வதே பேஸ் கிதார். நான்கு தட்டுத் தாளத்தில் பெரிய முரசு முதல் தட்டில் விழாமல் மூன்றாம் தட்டில் விழும், கிதார் இரண்டிலும் நான்கிலும் வெட்டும். இவற்றைத் தாங்கும் அடித்தொனி கேட்காவிட்டால் பாட்டே மெலிந்து போகும். இந்த இசை பிறந்ததே பெரிய மரப்பெட்டி ஒலிபெருக்கிகளில்தான். 1950-களில் கிங்ஸ்டன் நகரில் இசைத்தட்டு வாங்க வசதியில்லாத மக்களுக்காகத் தெருவிலும் மைதானத்திலும் பெட்டிகளை அடுக்கி நடனம் நடத்தியவர்கள், நம்மூர் சவுண்டு சர்வீஸ்காரர்களைப் போன்றவர்களே. அவர்களில் ஒருவரான காக்ஸன் டாட், தன் போட்டியாளர்கள் கண்டுபிடித்துவிடக் கூடாதென்று இசைத்தட்டின் பெயர்ச்சீட்டைச் சுரண்டி எடுத்துவிடுவாராம். அவர்தான் பிறகு ஸ்டுடியோ ஒன் என்ற ஒலிப்பதிவுக் கூடத்தை அமைத்து, இளம் வெய்லர்ஸைப் பாட வைத்தார்.

ஆகவே கோத்தகிரியிலேயே திருமணங்களுக்குப் பெட்டி ஒலிபெருக்கி வாடகைக்குத் தருபவர் யாரிடமாவது கேட்டு, அடித்தொனிப் பெட்டி ஒன்றையும் சேர்த்து எடுங்கள். அதைத் தரையிலேயே, சுவரை ஒட்டி வையுங்கள். முந்தின நாளே ஒரு பாடலைப் போட்டுக் கடைசி வரிசையில் அமர்ந்து கேட்டுப் பாருங்கள். தோட்டங்களிலிருந்து வருபவர்கள் கடைசிப் பேருந்துக்காகப் பாதியில் எழுந்துபோக நேரிடும் என்பதால், நிகழ்ச்சியை நான்கு மணிக்கே தொடங்கிவிட்டு, கார்வியையும் மார்லியையும் ஆறு மணிக்கு முன்பே கொண்டுவந்துவிடுங்கள்.