நேரு வீதியில் சக்குபந்தி பிடித்த கதை

புதுச்சேரி நேரு வீதியின் பழைய கதையைத் தேடிக் கிளம்பிய புதிதில் மூன்று மாதம் வீணாய்ப் போனது. பழைய பத்திரங்களில் எங்கே தேடினாலும் 'நேரு வீதி' அகப்படவில்லை. எப்படி அகப்படும்? பிரெஞ்சுக்காரர் காலத்தில் அது டூப்ளே வீதி! இதைச் சொன்னவர் அங்கே பாத்திரக் கடை வைத்திருக்கும் பெரியவர்.

"எங்கப்பா கடைசி வரைக்கும் துப்ளேக்ஸ் வீதின்னுதான் சொல்வாரு தம்பி. நேருன்னா அவருக்குப் பிரதமர் மட்டும்தான்."

சொல்லிவிட்டுக் கல்லாவுக்கு அடியிலிருந்து பிளாஸ்டிக் கவரில் ஒரு பத்திரத்தை எடுத்தார். நொத்தேர், அதாவது பத்திரம் எழுதிப் பதியும் பிரெஞ்சுக் காலத்து அதிகாரி, எழுதியது, முழுக்க பிரெஞ்சு. மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, செல்லோடேப்பில் நின்றுகொண்டிருந்தது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த எங்கள் தெரு சொல்தா தாத்தா வாசித்துச் சொன்னார். விலை, தேதி எல்லாம் சரி, எனக்குப் பிடி கிடைத்தது சக்குபந்தியில்தான், அதாவது சொத்தின் நாலு பக்கத்து எல்லை விவரத்தில். கிழக்கே இன்னார் வீடு, மேற்கே இன்னார் கடை. அந்த இன்னாரின் பேரன்களைப் பிடித்தால் அடுத்த பத்திரம், அதில் அடுத்த இரண்டு பெயர். இப்படியே ஐந்து வீடு கோத்தேன்.

டூப்ளேயிடம் துபாஷாக இருந்து நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை காலத்து வீடு ஒன்றாவது சிக்கும் என்று ஒரு நப்பாசை இருந்தது. ஆனால் 1761 ஜனவரியில் ஊரைப் பிடித்த ஆங்கிலேயர் இடித்துத் தள்ளிவிட்டார்கள். 1765இல் பிரெஞ்சுக்காரர் திரும்பி வந்து மறுபடி கட்டினார்கள். பிள்ளையின் மாளிகை பக்கத்து ரங்கப்பிள்ளை வீதியில் நிற்பதே அதிசயம். நம் வீதியில் பழசு பார்க்க எதிர்ச்சாரியில் நின்று, ஃபிளெக்ஸ் போர்டுக்கு மேலே அண்ணாந்து பார்க்க வேண்டும். கீழே ஷட்டர், ஏசி; மேலே வளைவு வைத்த ஜன்னல், மரக் கதவு, புறா எச்சம்.

ஆறாவது வீடு பெரிய மார்க்கெட் பக்கம். அப்படி ஒரு ஜன்னலைப் பார்த்துதான் மாடி ஏறினேன். கதவைத் திறந்த அம்மாவிடம், "பழைய பத்திரம் ஏதாவது இருந்தா..." என்று ஆரம்பித்தேன்.

"பாகப்பிரிவினை கேஸுக்கு எங்க கொழுந்தனார் அனுப்பினாரா?" என்றார். இல்லையம்மா என்பதற்குள் கதவு சாத்தியாகிவிட்டது.