கறங்குமாற்றம்: இரும்புச் சிக்கல்களுக்கு ஒரு சொல்

அன்பான குழும நண்பர்களுக்கு வணக்கம்.

சில உலோகச் சேர்வைகளில் இலத்திரன்கள் சோடி சேர்ந்த நிலைக்கும் சேராத நிலைக்கும் இடையே மாறும் நிகழ்வான 'ஸ்பின் குரோசோவர்' என்பதற்குத் தமிழ்ச்சொல் கேட்டு எழுதிய மடலுக்கு வந்த பதில்களை எல்லாம் ஆறுதலாகப் படித்தேன். கடப்பு, தாண்டல், தற்சுழற்சி நிலைமாற்றம், காந்தமாற்றம் என்று நாலு வழிகள் வந்திருக்கின்றன. நான் 'கறங்குமாற்றம்' என்பதை முன்வைக்கிறேன்.

அவசரத்துக்குக் காரணம் இதுதான். கிளிநொச்சியில் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். முல்லைத்தீவில் பிறந்து, இப்போது வெளிநாட்டில் உலோகச் சிக்கல்களின் (உலோக அணுவைச் சுற்றி வேறு அணுக்கூட்டங்கள் பிணைந்த சேர்வைகளின்) பளிங்கமைப்பையும் காந்த இயல்பையும் ஆராயும் நண்பர் ஒருவர், விடுமுறையில் வந்து எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். அவருடைய பேச்சின் நடுப்பொருளே இதுதான். அதற்குப் பெயர் இல்லாமல் தமிழில் ஒரு மணித்தியாலம் பேச முடியாது.

எதற்குப் பெயர் வைக்கிறோம் என்பதை முதலில் விரித்துச் சொல்கிறேன். இரண்டு நேரேற்றம் கொண்ட இரும்பு அயனை எடுங்கள். அதன் டி ஓபிற்றல்கள் (இலத்திரன்கள் தங்கும் இடங்கள்) ஐந்தில் ஆறு இலத்திரன்கள் இருக்கின்றன. ஆறு நைதரசன் அணுக்கள் எண்முகியாக அதைச் சூழ்ந்தால் அந்த ஐந்து ஓபிற்றல்களும் சக்தியில் மூன்று கீழும் இரண்டு மேலுமாகப் பிரியும். இடைவெளி பெரிதானால் ஆறு இலத்திரன்களும் கீழே உள்ள மூன்றிலும் சோடி சோடியாக அடங்கிவிடும்; சோடி சேராத இலத்திரன் ஒன்றும் இராது. இடைவெளி சிறிதானால் அவை பரவி நிற்கும். அப்போது நாலு இலத்திரன்கள் சோடி சேராமல் இருக்கும். இது வரைக்கும் எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும்.

அவர்களுக்குத் தெரியாதது இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சேர்வைகளைத்தான். இடைவெளி அளவாக அமைந்துவிட்டால் எந்த நிலை என்பதை வெப்பநிலை தீர்மானிக்கும். குளிரில் சோடி சேர்ந்த நிலை. சூட்டில் எந்திரப்பி, அதாவது ஒழுங்கின்மை, வென்று பரவிய நிலை. 1931இல் இத்தாலிய இரசாயனவியலாளர் லிவியோ கம்பி, மூன்று நேரேற்ற இரும்பின் டைதயோகார்பமேற்றுச் சேர்வைகளில் காந்த அளவீடு செய்தபோது இந்த நடத்தை முதலில் வெளிப்பட்டது. பிறகு இரண்டு பினாந்திரோலீனும் இரண்டு தயோசயனேற்றும் சூழ்ந்த இரும்புச் சேர்வை இந்தத் துறையின் பாடப்புத்தக உதாரணமாகவே ஆகிவிட்டது. பூச்சியத்துக்குக் கீழே ஏறத்தாழ 97 பாகை செல்சியஸில் அது ஒரு நிலையிலிருந்து மற்ற நிலைக்குச் சட்டென்று மாறும்.

பளிங்கமைப்பு இங்கேதான் வருகிறது. மேலே உள்ள இரண்டு ஓபிற்றல்களும் நேரே நைதரசன் அணுக்களை நோக்கி நிற்பவை. அவற்றில் இலத்திரன் ஏறினால் நைதரசன் தள்ளப்படும். இரும்புக்கும் நைதரசனுக்கும் இடையிலான தூரம் ஏறத்தாழ 200 பிக்கோமீற்றரிலிருந்து 220 பிக்கோமீற்றர் வரை நீளும். ஒரு பிணைப்பு பத்தில் ஒரு பங்கு நீளுவது சின்ன விசயமில்லை. பளிங்கு முழுவதும் வீங்கும். ஒரே பளிங்கைக் குளிரில் ஒருமுறையும் அறை வெப்பநிலையில் ஒருமுறையும் எக்ஸ் கதிர்க் கோணலுக்கு (கதிர் பளிங்கில் பட்டுச் சிதறும் பாங்கை அளப்பதற்கு) வைத்தால், காந்தத்தைத் தொடாமலே இலத்திரன்கள் எந்த நிலையில் நிற்கின்றன என்று நீளத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம். இந்த இடத்தைக் கேட்கும்போது பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள் என்று நினைக்கிறேன். நான் முதன்முதலில் படித்தபோது எனக்கு அப்படித்தான் இருந்தது.

ஆக, நமக்கு வேண்டிய சொல் மூன்றைத் தாங்க வேண்டும். மாறுவது ஒரு நிலை. அது வெப்பத்தாலோ அழுத்தத்தாலோ ஒளியாலோ மாறும். அது திரும்பியும் வரும்.

இனி வந்த சொற்கள். 'கடப்பு' ஆங்கிலச் சொல்லின் நேர் நிழல். வரைபடத்தில் இரண்டு சக்திக் கோடுகள் ஒன்றையொன்று வெட்டுவதிலிருந்து அந்த ஆங்கிலப் பெயர் வந்தது. வரைபடம் பார்க்காத பிள்ளைக்குக் கடப்பு என்றால் எதை எது கடக்கிறது என்ற கேள்விதான் மிஞ்சும். 'தாண்டல்' எங்களுக்கு ஒத்தே வராது. இங்கே தாண்டல் உலோகங்கள் என்று ஒரு பெரிய அலகே இருக்கிறது. ஸ்பின்னுக்குக் கறங்கல் என்பதை வைத்து, தாண்டல் உலோகத்தின் கறங்கல் தாண்டல் என்று எழுதினால் வாசிப்பவர் தலை சுற்றிவிடும்.

'காந்தமாற்றம்' என்று எழுதிய அக்காவுக்கு நன்றி, சொல் அழகாக இருக்கிறது. ஆனால் காந்தம் என்றதும் எங்கள் பிள்ளைகளுக்கு ஒட்டுவதுதான் நினைவுக்கு வரும். கொக்கிளாய்ப் பக்கத்துக் கரையில் கறுப்பு மணலுக்குள் காந்தத்தை விட்டால் துகள்கள் மயிர்போலக் குத்திட்டு நிற்கும். அதைக் கண்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். நாலு சோடி சேராத இலத்திரன்களோடு இருக்கும் எங்கள் சேர்வை அப்படி ஒட்டாது. அது பரகாந்தம், இழுவை மிகச் சிறிது. காந்தமாற்றம் என்று பெயர் வைத்தால் தூள் காந்தத்தில் ஒட்டும் என்று எதிர்பார்த்துப் பிள்ளை ஏமாறும்.

மதுரையிலிருந்து எழுதிய ஐயாவின் 'தற்சுழற்சி நிலைமாற்றம்' பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் வழங்கும் சொல்லையே எடுத்தால் எல்லோருக்கும் பொது என்ற அவருடைய நியாயம் பெறுமதியானது. ஆனால் புவி தன் அச்சில் சுழல்வதற்கும் தற்சுழற்சி என்றுதான் சொல்கிறோம். இலத்திரன் அப்படிப் பம்பரமாகச் சுற்றவில்லை. ஸ்பின் என்பது இலத்திரனோடு பிறந்த ஓர் இயல்பு, எதுவும் சுற்றாமலே கோண உந்தம் அதற்கு இருக்கிறது. தற்சுழற்சி என்ற சொல் அந்தப் பொய்ப் படத்தை மிக அழுத்தமாக வரைந்துவிடுகிறது. இலங்கை நூல்களில் ஸ்பின்னுக்குக் கறங்கல் என்று இருக்கிறது. கறங்கு என்பதற்கும் சுழலுதல் பொருள் உண்டுதான். ஓலைக் காற்றாடியைக் கறங்கோலை என்று அகராதி சொல்லும். ஆனால் பேச்சில் அந்தச் சொல் போய்விட்டதால், வகுப்பில் நாம் கொடுக்கும் வரைவிலக்கணத்தை அது தடையில்லாமல் ஏற்றுக்கொள்ளும். இந்தக் காரணத்துக்காகவே கறங்கை நான் விடமாட்டேன்.

கறங்கை வைத்துக்கொண்டால் குடும்பமும் இலேசாக அமைகிறது. நிலை கறங்குநிலை. சோடி சேர்ந்தது தாழ்கறங்குநிலை, பரவியது உயர்கறங்குநிலை. நிகழ்வு கறங்குமாற்றம். அப்படி மாறும் சேர்வை கறங்குமாறி. கணிதத்தில் மாறி, மாறிலி என்று படித்த பிள்ளைக்குக் கறங்குமாறி உறுத்தாது. ஒளியால் மாற்றுவது ஒளிக்கறங்குமாற்றம். சொல் உடையாமல் நீள்கிறது என்பதே எனக்குப் பெரிய சான்று. தற்சுழற்சி நிலைமாற்றத்தை எடுத்து இப்படி நீட்டிப் பாருங்கள்.

சரி, ஐயாவுக்கு நான் கடமைப்பட்டது ஒன்றும் உண்டு. 'ஹிஸ்டெரிசிஸ்' என்பதற்குத் தமிழ்நாட்டு நூல்களில் இருக்கும் 'தயக்கம்' அருமையான சொல். அதை அப்படியே எடுப்போம். திரயசோல் சூழ்ந்த ஓர் இரும்புச் சேர்வை இருக்கிறது. ஊதாத் தூள். ஏறத்தாழ 107 பாகை செல்சியஸுக்குச் சூடாக்கினால் வெள்ளையாகும். ஆறவிட்டால் 107இல் திரும்பாது. 72 பாகை வரை இறங்கிய பிறகுதான் மீண்டும் ஊதாவாகும். இடைப்பட்ட எந்த வெப்பநிலையிலும் தூள் ஊதாவாகவும் இருக்கலாம், வெள்ளையாகவும் இருக்கலாம். எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதைப் பொறுத்தது. அதனால்தான் இதை நினைவகமாகப் பயன்படுத்தலாமா என்று ஆய்வாளர்கள் பார்க்கிறார்கள். ஒரு மூலக்கூறு வீங்கும்போது பக்கத்து மூலக்கூறையும் தள்ளுகிறது. பளிங்குக்குள் அந்தத் தள்ளல் பலமாகத் தொடுத்திருந்தால் எல்லாம் சேர்ந்தே மாறும், சேர்ந்தே பிந்தும். தயக்கம் என்பதைவிட நல்ல பெயர் இதற்குக் கிடையாது.

'சிக்கல்' என்பதை விட்டுவிட்டு 'அணைவு' என்று எழுதும்படி இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். பொருளைப் பார்த்தால் அணைவுதான் மேல், ஒத்துக்கொள்கிறேன். உலோகத்தைச் சுற்றி இணையிகள், அதாவது அதோடு பிணையும் அணுக்கூட்டங்கள், அணைந்து நிற்கின்றன. அங்கே சிக்கிக்கொண்டது ஒன்றுமில்லை. ஆனாலும் பரீட்சைத் தாளில் வரும் சொல்லை வன்னிப் பிள்ளையிடமிருந்து நான் பறிக்கமாட்டேன். ரியூசனுக்கும் வழியில்லாமல் பாடப்புத்தகத்தை மட்டும் நம்பிப் படிக்கும் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். ஆகவே பேச்சுத் தாளில் முதல் இடத்தில் 'சிக்கல், அதாவது அணைவு' என்று இரண்டையும் எழுதி, பிறகு சிக்கல் என்றே தொடர்கிறோம்.

அடுத்ததாக இன்னொரு சொல்லும் வேண்டியிருக்கிறது. செப்பு அசற்றேற்றுப் பளிங்கில் செப்பு அயன்கள் இரண்டிரண்டாக, 264 பிக்கோமீற்றர் இடைவெளியில் எதிரெதிரே இருக்கின்றன. குளிரில் இரண்டின் கறங்கல்களும் எதிர்த்திசையில் பூட்டிக்கொண்டு காந்த இயல்பு மறைகிறது. 1952இல் பிளீனி, பவர்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்களும் நுண்ணலை அளவீட்டிலிருந்து செப்புகள் சோடியாகத்தான் இருக்கவேண்டும் என்று சொன்னார்கள். அடுத்த ஆண்டு எக்ஸ் கதிர்க் கோணல் அதை உறுதிப்படுத்தியது. இரண்டு உலோகங்களின் கறங்கல்கள் இணையி வழியாக இப்படி ஒன்றையொன்று கட்டுவதை ஆங்கிலத்தில் 'எக்ஸ்சேஞ்ச் கப்ளிங்' என்கிறார்கள். 'கறங்குப் பூட்டு' என்று நண்பர் சொல்கிறார். பூட்டு திறக்கவும் கூடியது என்பதால் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ஒரே திசையில் பூட்டுவதையும் எதிர்த்திசையில் பூட்டுவதையும் வேறுபடுத்த இரண்டு முன்னொட்டுகள் தேவை. பழைய நூல்களோடு பழக்கமுள்ளவர்கள் அதற்கு வழி சொன்னால் இந்தக் கிழமைக்குள் தாளை முடித்துவிடலாம்.