டியூரரின் குதிரைகள்: செப்புத்தகட்டில் செதுக்கிப் பழகியவர்கள் உதவுங்கள்

வணக்கம். ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1505-இல் செப்புத்தகட்டில் செதுக்கிய ‘சிறிய குதிரை’, ‘பெரிய குதிரை’ இரண்டையும் பெரிதாக்கிப் பார்த்துவருகிறேன். சிறியது பக்கவாட்டில் அளந்து வைத்தாற்போல் நிற்கிறது. என்னைக் கட்டிப்போட்டிருப்பது பெரியதுதான். பின்பக்கமிருந்து காட்டியிருக்கிறார், கொழுத்த பிட்டம்தான் முதலில் கண்ணில் படுகிறது. அந்தத் திரட்சி முழுவதும் வளைந்தோடும் கோடுகளாலேயே வந்திருக்கிறது. வெளிச்சம் படும் இடத்தில் கோடு மெலிகிறது. நிழலில் தடித்து, இன்னொரு வரிசை குறுக்கே பாய்கிறது. எத்தனை உறுதியான கை!

செதுக்குளி பிடித்தவர்கள் சொல்லுங்கள்: முதல் வரிசையை முழுதாக முடித்துவிட்டுத்தான் குறுக்குக் கோடுகளைச் செதுக்குவீர்களா, பகுதி பகுதியாகவா? வளைவு பிசிறில்லாமல் வரத் தகட்டை எப்படித் திருப்புவீர்கள்? ஓவிய மாணவர்களுக்கு விளக்க வேண்டியிருக்கிறது. உங்கள் தகட்டின் நெருக்கமான புகைப்படம் இருந்தால் அதையும் இங்கே பகிருங்கள்.