கறுப்பனின் முன்னங்கால் புண்ணுக்கு லேசர் வைக்கலாமா?

செல்வி:
எங்கள் கறுப்பன் நாட்டு நாய், ஒன்பது வயது. முன்னங்கால் மூட்டில் எட்டணா அளவு புண், இரண்டு மாதமாக ஆறவில்லை. பொருக்குக் கட்டும், நக்காமலிருக்க மாட்டிய கழுத்துக்கூம்பைக் கழற்றியதும் நக்கி நக்கிப் பெயர்த்துவிடுவான். காலையில் சாக்கில் ரத்தக்கறை. களிம்பு, மாத்திரை எல்லாம் ஆயிற்று. மருத்துவர் இப்போது லேசர் வைக்கலாம் என்கிறார். சுட்டுவிடுமோ என்று மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

முருகேசன்:
பயப்படாதீர்கள் அக்கா. அறுவை லேசர் வேறு, இது வேறு. சிவப்பு, அகச்சிவப்பு ஒளி செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவைத் தூண்டுகிறது. 1960களில் ஹங்கேரியின் புடாபெஸ்டில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர், மயிர் மழித்த சுண்டெலிகள் மீது லேசர் பாய்ச்சியபோது மயிர் வேகமாக வளர்ந்ததைக் கண்டார். எங்கள் பூனையின் வால் புண்ணுக்கு ஆறு முறை வைத்தோம். மூன்றாவது முறைக்குப் பிறகு விளிம்பிலிருந்து இளஞ்சிவப்புத் தோல் படர்ந்தது. வைக்கும்போது மடியிலேயே தூங்கிவிட்டது.

ராதா:
செல்வி, ஆறாத புண் கட்டியாகவும் இருக்கலாம். புற்றுக்கட்டியின் மேல் இந்த ஒளி படக் கூடாது. முதலில் சதைத்துணுக்கு எடுத்துப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். கறுப்பு மயிர் ஒளியை உறிஞ்சிச் சூடாகும்; லேசர் கைப்பிடியை ஓரிடத்தில் நிறுத்தாமல் நகர்த்த வேண்டும். அவன் கண்ணுக்கும் உங்கள் கண்ணுக்கும் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். மூட்டுவலி இருந்தாலும் நக்குவான், அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

செல்வி:
நாளைக் காலையே பரிசோதனைக்குக் கூட்டிப்போகிறேன். இரண்டு மாதமாக இதை யாரும் சொல்லவில்லையே! அந்தக் காலைத் தொட்டாலே உறுமுவான். என் கை தலையில் இருந்தால் பொறுத்துக்கொள்வான்.