தாண்டிப் போன இரண்டு நிமிடம்: மறுவெளியீட்டு இசைத்தட்டு அனுபவங்கள்

போன மாதம் ‘ஸ்லாட்டர் ஆஃப் த சோல்’ மறுவெளியீட்டு எல்பி கைக்கு வந்தது. அட் த கேட்ஸ் குழுவின் மெலடிக் டெத் மெட்டல் ஆல்பம், 1995. இங்கே இதைத் தெரியாதவர்கள் குறைவு, இருந்தாலும் புதியவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரத்தில், ஃப்ரெட்மன் ஸ்டூடியோவில், ஃப்ரெட்ரிக் நோர்ட்ஸ்ட்ரோம் பதிவு செய்த ஆல்பம். மொத்தமே 34 நிமிடம். வெளிவந்த மறு வருடமே குழு கலைந்துவிட்டது. பின்னால் அமெரிக்காவில் மெட்டல்கோர் என்று, மெட்டலையும் ஹார்ட்கோர் பங்கையும் கலந்துகொண்டு கிளம்பியவர்களில் பாதிப் பேர் இந்த 34 நிமிடத்தை வைத்துத்தான் குடித்தனம் நடத்தினார்கள்.

எனக்கு இது முதலில் கிடைத்தது நண்பன் கொடுத்த எம்பி3 கோப்புகளாக, 128 கேபிபிஎஸ் என்கிற மட்டமான தரத்தில். என்னிடம் அப்போது இருந்த இயர்ஃபோனில் ஒரு காது வேலை செய்யாது. அதாவது இரண்டு கிடார் வாசிக்கிற ஒரு குழுவை ஏறக்குறைய ஒரு வருடம் ஒரே கிடாரோடு கேட்டிருக்கிறேன். அதற்கே பைத்தியம் பிடித்துத் திரிந்தேன் என்பது வேறு விஷயம். புது இயர்ஃபோன் வாங்கிய அன்று ‘பிளைண்டட் பை ஃபியர்’ தொடங்கியதும் பக்கத்தில் யாரோ வந்து நின்றதுபோல் திரும்பிப் பார்த்தேன்.

இந்த ஆல்பத்தில் ஐந்தாவதாக ‘இன்டு த டெட் ஸ்கை’ என்று ஒன்று வரும். குரல் கிடையாது, டிரம்ஸ் கிடையாது. அக்கூஸ்டிக் கிடாரில் இரண்டு நிமிடச் சொச்சம். முதல் நான்கு பாட்டும் மூச்சு விடாமல் அடித்துவிட்டுப் போயிருக்கும்; அதற்கு நடுவில் இது வந்தால், ஓடிக்கொண்டிருப்பவனை நிறுத்தி முகவரி கேட்பதுபோல இருக்கும் எனக்கு. எம்பி3 தரத்தில் அந்தக் கிடார் வேறு தகர டப்பா மாதிரி கேட்கும். விரல் தானாகப் போய் அடுத்த பாட்டை அழுத்திவிடும். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, பத்து வருடத்துக்கு மேல்.

எல்பியில் அந்தப் பொத்தான் இல்லையே. எழுந்து போய், குனிந்து, ஊசியைத் தூக்கி, சரியான இடைவெளி பார்த்து வைக்க வேண்டும். சோம்பேறித்தனத்தால் உட்கார்ந்திருந்தேன், கேட்டேன்.

அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்ல வேண்டும். என்னிடம் வந்தது இயர்ஏக் நிறுவனத்தின் ‘ஃபுல் டைனமிக் ரேஞ்ச்’ பதிப்பு. முதல் தடவை ஓடவிட்டபோது, என்ன இது, சத்தமே இல்லையே என்றுதான் தோன்றியது. காசு போச்சு என்று நினைத்தேன். விஷயம் என்னவென்றால், வழக்கமான ரீமாஸ்டர்களில், அதாவது பழைய பதிவின் ஒலியை மறுபடி சீர்செய்து விடுகிற பதிப்புகளில், லிமிட்டர் போட்டு, டிரம்ஸ் அடி போன்ற உச்சங்களைத் தட்டையாக அமுக்கிவிட்டு, மொத்தத்தையும் மேலே தூக்கிவிடுவார்கள். அதனால் எடுத்த எடுப்பிலேயே சத்தமாக இருக்கும். அரை மணி நேரத்தில் காது களைத்துவிடும். இந்தப் பதிப்பில் அந்த அமுக்கல் இல்லை. உச்சத்துக்கு இடம் விட்டிருப்பதால் சராசரிச் சத்தம் குறைவு. வால்யூமைத் திருக வேண்டியது நம் வேலை. திருகினேன். ஸ்னேர் (டிரம்ஸில் சுள்ளென்று ஒலிக்கும் முரசு) அடி ஒவ்வொன்றும் தனித்தனியாக வந்து விழுந்தது. டிரம்மர் ஏட்ரியன் எர்லண்ட்சன் இவ்வளவு பலமாக அடித்திருக்கிறார் என்பது அன்றைக்குத்தான் தெரியும்.

அந்த அடிகளெல்லாம் ஓய்ந்த பிறகு வந்த இரண்டு நிமிடம் வேறு பாட்டாக இருந்தது. நரம்பின் மேல் விரல் நகர்கிற சத்தம் வரைக்கும் கேட்டது. முன்னால் வந்த நான்கு பாட்டின் சோகம் இதற்குள்தான் இருந்திருக்கிறது, வேகம் மட்டும் கழற்றப்பட்டிருக்கிறது. மெலடிக் என்று இந்த வகைக்கு ஏன் பெயர் வைத்தார்கள் என்று யாராவது கேட்டால் இனி இதைத்தான் போட்டுக் காட்டுவேன்.

இன்னொன்று. ‘கோல்ட்’ பாட்டின் சோலோவை, அதாவது கிடாரின் தனி வாசிப்பை, குழுவின் கிடார்காரர் ஆண்டர்ஸ் பியோர்லர் வாசித்தது என்று இத்தனை நாள் சத்தியம் செய்துகொண்டிருந்தேன். அது விருந்தாளியாக வந்த ஆண்டி லாரோக், கிங் டயமண்ட் குழுவின் கிடார்காரர். எம்பி3 கோப்பில் இதை யார் எழுதி வைக்கப்போகிறார்கள்?

உங்களுக்கு மறுவெளியீடு எதையாவது திருப்பிக் கொடுத்ததா? அல்லது இருந்ததையும் பிடுங்கிக்கொண்டதா? எழுதுங்கள்.

* * *

நண்பரே, மகிழ்ச்சியைக் கெடுப்பதற்கு மன்னிக்கவும். உங்களுக்குக் கிடைத்தது புது மாஸ்டர் இல்லை. இரண்டு காதும் வேலை செய்கிற ஒரு கருவி, அவ்வளவுதான். 128 எம்பி3-யோடு எதை ஒப்பிட்டாலும் அது சொர்க்கமாகத்தான் தெரியும். நியாயமாக ஒப்பிட வேண்டுமென்றால் 1995-இன் முதல் சிடியோடு ஒப்பிடுங்கள். அந்தக் காலத்து மெட்டல் சிடிக்கள் பின்னால் வந்தவற்றைப்போல் நசுக்கப்பட்டவை அல்ல.

நான் வேறொரு ஆல்பத்துக்கு இதைச் செய்து பார்த்திருக்கிறேன். பழைய சிடியையும் ரீமாஸ்டரையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்துவிட்டு, என் மனைவியை மாற்றி மாற்றிப் போடச் சொன்னேன். நான் கண்ணை மூடிக்கொண்டு எது எது என்று சொல்ல வேண்டும். பத்தில் நான்குதான் சரி! அதற்கு முதல் நாள்தான் ரீமாஸ்டரைப் பற்றி ஒரு பக்கம் புகழ்ந்து எழுதியிருந்தேன். அரை டெசிபல் கூடினாலும் மூளை அதை நல்ல ஒலி என்றுதான் எடுத்துக்கொள்கிறது. சத்தத்தைச் சமன் செய்யாமல் சொல்லப்படும் எந்தப் பாராட்டையும் நான் நம்புவதில்லை, என்னுடையதையும் சேர்த்து.

* * *

என் கதை கொஞ்சம் வேறு. எட்ஜ் ஆஃப் சானிட்டி என்கிற ஸ்வீடன் குழுவின் ‘கிரிம்சன்’, 1996. ஆல்பம் முழுக்க ஒரே பாட்டு, 40 நிமிடம். பிள்ளைப்பேறு நின்றுபோன எதிர்கால மனித இனத்தில் அரசனுக்கும் அரசிக்கும் ஒரு பெண் குழந்தை பிறப்பதும், அவள் வளர்ந்து ஆட்சிக்கு வந்து என்ன ஆகிறாள் என்பதும்தான் கதை. குழுவின் பாடகர் டான் ஸ்வானோ எழுதியது. ஓப்பெத் குழுவின் மிக்கேல் ஆக்கர்ஃபெல்ட்டும் பாடியிருக்கிறார்.

சிடியில் இதைத் தாண்ட முடியாது. ஒரே டிராக் என்பதால் அடுத்தது என்று அழுத்தினால் ஆல்பமே முடிந்துவிடும். எத்தனையோ இரவு இதைப் போட்டுவிட்டு வேலை பார்த்திருக்கிறேன். நடுவில் எங்கேயோ கவனம் போய்விடும், திரும்பி வரும்போது கதை வேறு இடத்தில் இருக்கும். அது ஒரு சுகம்தான்.

அப்புறம் எல்பியாக வாங்கினேன். ஒரு பக்கத்தில் இருபது நிமிடச் சொச்சம்தான் நன்றாகப் பிடிக்கும், ஆக இந்த ஒரே பாட்டை எங்கேயாவது வெட்டித்தான் ஆக வேண்டும். வாங்கும்போதே இது தெரியும். தெரிந்திருந்தும், முதல் பக்கம் தேய்ந்து அமைதியானபோது கோபம் வந்தது. கதை சொல்லிக்கொண்டிருந்த பாட்டி தண்ணீர் குடிக்க எழுந்து போனதுபோல.

ஆனால் ஒன்று நடந்தது. திருப்பிப் போட எழுந்தபோது, இதுவரை என்ன கேட்டோம் என்று யோசித்தேன். இத்தனை வருடத்தில் அப்படி யோசித்ததே இல்லை. கதையின் இரண்டாம் பாதி எனக்கு முழுசாகப் புரிந்தது அன்றைக்குத்தான். இடைவேளை விட்டால்தான் புரிகிற ஜாதி போலிருக்கிறது நான். பிடுங்கியதா கொடுத்ததா என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு இரண்டும் ஒரே இடத்தில் நடந்தது.

* * *

பிடுங்கியதுதான், சந்தேகமே வேண்டாம். போனஸ் பாட்டுகள்! மேலே சொன்ன அதே ‘ஸ்லாட்டர் ஆஃப் த சோல்’ 2002-இல் சிடியாக மறுபடி வந்தபோது ஆறு பாட்டுகளைக் கூடுதலாக ஒட்டினார்கள். அந்த ஆல்பம் ‘த ஃபிளேம்ஸ் ஆஃப் தி எண்ட்’ என்கிற வாத்திய இசையோடு முடிவது. அந்த முடிவுக்கு அப்புறம் கொஞ்ச நேரம் யாரும் பேசக்கூடாது. ஆனால் சிடியில் உடனே ஸ்லாட்டர்லார்ட் குழுவின் பாட்டு ஒன்றை இவர்கள் வாசிக்க ஆரம்பிக்கிறார்கள், அப்புறம் ஸ்லேயர் பாட்டு ஒன்று, டெமோக்கள் (மாதிரிப் பதிவுகள்) என்று போகும். நல்ல பாட்டுகள்தான், இல்லை என்று சொல்லவில்லை. இரண்டாவது தட்டில் போட்டிருக்கலாமே? துக்க வீட்டிலிருந்து வெளியே வந்ததும் வாசலில் செண்டை மேளம் வைத்த மாதிரி.

* * *

எனக்கு வந்த ஒரு மறுவெளியீட்டின் நடுத்துளை சரியாக நடுவில் இல்லை. எந்த ஆல்பம், எந்த நிறுவனம் என்பதெல்லாம் வேண்டாம், மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். துளை ஒரு மில்லிமீட்டர் தள்ளியிருந்தாலும் தட்டு ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் வேகமாகவும் கொஞ்சம் மெதுவாகவும் ஊசிக்குக் கீழே போகும். சுருதி ஏறி இறங்கும். டெத் மெட்டல் பகுதிகளில் அது தெரியவே இல்லை. நடுவில் பியானோ வந்தபோதுதான் பியானோவுக்குக் கடல் நோய் வந்துவிட்டது. வீட்டில் எல்லாரும் அன்றைக்குத்தான் முதல் தடவையாக என் இசையை ரசித்துச் சிரித்தார்கள்.

* * *

கிடார் வாசிப்பவன் என்ற முறையில் ஒன்று. ஸ்டாக்ஹோம், கோத்தன்பர்க் என்று இரண்டு ஊர் ஒலியைப் பற்றிப் பேசுவோம் அல்லவா? ஸ்டாக்ஹோம் என்றால் என்டூம்ட் குழுவின் ‘லெஃப்ட் ஹேண்ட் பாத்’, 1990, சன்லைட் ஸ்டூடியோ, கிடார் ஒலியைக் கரகரப்பாக்கும் பாஸ் நிறுவனத்தின் எச்எம்-2 பெடலின் நான்கு குமிழையும் முழுக்கத் திருகிய ரம்ப ஓசை. கோத்தன்பர்க் ஆட்கள் அயர்ன் மெய்டனிடம் பாடம் கேட்டவர்கள். ஒரு கிடார் மெட்டைப் பிடித்தால் இன்னொன்று மூன்றாம் சுரம் தள்ளி அதே மெட்டில் கூடவே போகும். பாசறை மாதிரி தெரிகிற இந்த இசைக்குள் ஜோடிப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது என்பது கொஞ்சம் கவனித்தால்தான் தெரியும்.

கோத்தன்பர்க் குழுவான டார்க் டிராங்க்விலிட்டியின் ‘த கேலரி’ ஆல்பத்தை, அதுவும் 1995 தான், பழைய நகலிலிருந்து காதால் கேட்டே கற்றுக்கொண்டேன். ‘லீத்’ பாட்டு பேஸ் கிடார் தனியாக வாசிப்பதோடு தொடங்கும். கிரேக்கக் கதையில் மறதியின் ஆற்றுக்கு அந்தப் பெயர். அந்தத் தொடக்கம் மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும். மற்ற இடங்களில் இரண்டு கிடாரும் ஒன்றாகக் குழைந்து கேட்கும். மேலே இருப்பதை மட்டும் பிடித்துக்கொள்வேன். மறுவெளியீட்டை நல்ல ஹெட்ஃபோனில் கேட்டபோது, நான் ஏழு வருடமாக வாசித்துக்கொண்டிருந்த ஒரு ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிடார் துணுக்கு) அந்தப் பாட்டில் இல்லவே இல்லை என்று தெரிந்தது. இடது காதிலிருந்து பாதி, வலது காதிலிருந்து பாதி எடுத்து நானாகத் தைத்துக்கொண்ட ரிஃப். சரி, யாருடையதும் இல்லையென்றால் அது என்னுடையதுதானே? என் குழுவின் ஒரு பாட்டில் இப்போது அது இருக்கிறது.

பி.கு.: அந்த எச்எம்-2 பெடலையே 2020-இல் பாஸ் நிறுவனம் புதுப்பித்து விட்டது. ஆக, பெடலுக்கும் மறுவெளியீடு.

* * *

நான் அதிகம் எழுதப்போவதில்லை. 2025 செப்டம்பரில் அட் த கேட்ஸ் பாடகர் தாமஸ் லிண்ட்பெர்க் புற்றுநோயில் இறந்தார், 52 வயது. அடுத்த இரண்டு மாதத்தில் ‘ஸ்லாட்டர் ஆஃப் த சோல்’ ஆல்பத்துக்கு 30 வயது. செய்தி வந்த இரவு என்னிடம் இருந்த பழைய சிடியைத்தான் எடுத்தேன், மறுவெளியீட்டை எடுக்கவில்லை. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அந்தக் குரல் மிக்ஸில் எங்கே உட்கார்ந்திருக்கிறது, எவ்வளவு தெளிவு என்பதெல்லாம் அன்றைக்குத் தேவைப்படவில்லை. பதினேழு வயதில் எனக்கு எப்படிக் கேட்டதோ அப்படியே கேட்டால் போதும் என்று இருந்தது.

* * *

முதல் பதிவை எழுதியவன் மீண்டும். எல்லாருக்கும் நன்றி. கடைசிப் பதிவைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை.

சத்தத்தைச் சமன் செய்யாமல் பேசாதே என்று சொன்ன நண்பருக்கு: செய்தேன் ஐயா. தெரிந்தவரிடம் 1995 சிடியை இரவல் வாங்கி, ஒரே அளவில் வைத்து, தங்கையை மாற்றிப் போடச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். பத்தில் ஆறு சரி. காசைச் சுண்டிப் போட்டுச் சொல்லியிருந்தாலும் ஏறக்குறைய அவ்வளவு வந்திருக்கும். ஸ்னேரைப் பற்றி நான் எழுதியதில் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ஆனால் ‘இன்டு த டெட் ஸ்கை’ வந்த இரண்டு தடவையும் சரியாகச் சொன்னேன். பெருமையாக எழுந்து நின்றேன். தங்கைதான் சொன்னாள்: “அண்ணா, தட்டு ஓடினால் சரசரவென்று தூசிச் சத்தம் கேட்கிறது. எனக்கே தெரிகிறதே.”